வீட்டில் என்ன கொடுத்தீங்க?

2021 மே மாதக் கடைசியில் அன்றாடக் கொரோனாத் தொற்றில் சென்னையையும் தாண்டிப் போனது கோவை மாவட்டம். அரசு மருத்துவமனையிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் காத்து நின்றன. அதே மாதம் இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் கருங்கல்லில் ஓர் அம்மன் சிலையை நிறுவினார்கள். பெயர் கொரோனா தேவி. 48 நாள் வேள்வியும் அறிவிக்கப்பட்டது. செய்தி நாடெங்கும் போயிற்று. கேட்டவர்களில் பலர் சிரித்தார்கள்.

கோவைக்காரர்களுக்கு அது அவ்வளவு புதிய செய்தி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நகரத்தைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கிய குடும்பங்கள் உண்டு. அந்த நாட்களில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்களில் இன்றும் பூசை நடக்கிறது. நோய் ஒழிந்த பிறகும் அம்மன் இருக்கிறாள். கொரோனா தேவிக்கு வேள்வி நடந்த அதே வாரங்களில்தான் தடுப்பூசி முகாம்களின் முன் விடியுமுன்னே வரிசை கட்டி மக்கள் நின்றார்கள். அம்மனைக் கும்பிட்ட கையையே ஊசிக்கும் நீட்டினார்கள். கும்பிடுகிறவர்கள் ஒரு கூட்டம், ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் வேறொரு கூட்டம் என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்குக் கொங்குநாடு விளங்காது.

கிணத்துக்கடவில் நின்று பண்பாட்டையும் செவிலியர் பணியையும் பற்றிப் பேசுவதென்றால் இந்தச் சேர்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொன்மலை வேலாயுதசாமி கோயில் படிக்கட்டும், பொள்ளாச்சி ரோட்டில் வண்டி பிடித்தால் எட்டிவிடுகிற கோவையின் பெரிய மருத்துவமனைகளும் இங்கே ஒரே குடும்பத்தின் ஒரே நாளுக்குள் வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் செவிலியர். நோயாளி டாக்டரைப் பார்ப்பது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் செவிலியர் கையில். மருந்து விழுங்கப்படுகிறதா, தலையணைக்கு அடியில் போகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தபோது நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் சமமாகச் சேர்த்தார். பரிமேலழகர் அப்படிப்பட்டவருக்கு வேண்டிய குணங்களை வரிசைப்படுத்தும்போது நோயாளியிடம் அன்புடைமையை முன்னால் வைத்தார். அறிவு அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அம்மை வந்த வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். வெளியாள் உள்ளே வரக்கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. கறி, மீன் கிடையாது. இளநீர், மோர், குழைந்த சோறு. நோயாளிக்கு வேப்பிலைப் படுக்கை. சொறிய வேண்டுமென்றால் நகம் படாமல் வேப்பங்கொழுந்தால் தடவிக் கொடுப்பார்கள். அம்மா இறங்கிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இதில் எத்தனை விதிகள் தொற்றுநோய் வார்டின் விதிகளோடு ஒத்துப்போகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தனிமைப்படுத்துதல், எளிய உணவு, நிறைய நீர், புண்ணில் நகம் படாமல் காத்தல், எல்லாமே இருக்கின்றன.

பெரியம்மை காலத்தில் இந்தியாவில் ஊசிக்காரர்கள் வீடுவீடாகப் போனபோது, அம்மனுக்குக் கோபம் வரும் என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980-ல் உலகமே விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றி அம்மனைத் தோற்கடித்துக் கிடைத்ததல்ல. மாரியம்மன் நோன்பும் கம்பம் நடுவதும் கொங்கு ஊர்களில் இன்னும் அதே உற்சாகத்தோடு நடக்கின்றன. கும்பிடும் அம்மன் மாறவில்லை, பெரியம்மை மட்டும் போயிற்று.

இன்று மிஞ்சியிருப்பது சின்னம்மை. அங்கேதான் செவிலியருக்கு வேலை இருக்கிறது. வீட்டு விதிகளில் ஒன்றே ஒன்று ஆபத்தானது: டாக்டரிடம் போகக்கூடாது, மருந்து தொடக்கூடாது என்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் கர்ப்பிணிக்கோ, பிறந்த சில நாளே ஆன குழந்தைக்கோ, ஏற்கெனவே புற்றுநோய் மருந்து எடுப்பவருக்கோ சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போய்விடக்கூடும். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று வாசலில் நின்று பேசுகிற செவிலியருக்கு அந்தக் கர்ப்பிணியைக் காட்டவே மாட்டார்கள். வேப்பிலையை அப்படியே இருக்கவிட்டு, "அம்மா எறங்கற வரைக்கும் நீங்க சொல்றபடியே இருக்கட்டுங்க ஆத்தா. வயித்துல புள்ளையோட இருக்கற மருமவளுக்கு மட்டும் மூச்சு வாங்குனா ராத்திரின்னு பாக்காம எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு வருபவருக்கு அந்தப் போன் வரும்.

கொங்குநாட்டின் சூடு, குளிர்ச்சி நம்பிக்கையை வெளியார் ஒருவர் கவனமாக எழுதி வைத்திருக்கிறார். 1960-களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக். சடங்குகளில் நிறமும் வெப்பமும் எப்படி இயங்குகின்றன என்று 1969-ல் அவர் எழுதிய கட்டுரை மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிப்பது. சிவப்பு சூடு, வெள்ளை குளிர்ச்சி. சூட்டைச் சுற்றிக் குளிர்ச்சியை வைத்துத்தான் நல்ல காரியம் எதையும் முடிப்பார்கள் என்று அவர் கண்டது மணவறைக்கும் பொருந்தும், பிரசவ அறைக்கும் பொருந்தும். பப்பாளி, எள், அன்னாசி எல்லாம் சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது. 1970-களில் தமிழ்நாடெங்கும் கர்ப்பிணிகள் ஒதுக்கும் உணவுகளைத் தொகுத்த ஆய்வாளர் எய்கிங்கர் ஃபெரோ-லூசியும் இந்தப் பயம் எவ்வளவு பரவலானது என்று காட்டினார்.

பப்பாளி விஷயத்தில் பாட்டிமார் முழுக்கத் தவறில்லை. 2002-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் சோதித்தபோது, பழுத்த பப்பாளியால் கேடில்லை என்றும் காயின் பால் கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்றும் கண்டார்கள். ஒன்றை மறுக்குமுன் அதற்குள் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்கும் பொறுமை மருத்துவத்துக்கு வேண்டும். பப்பாளி சாப்பிடாததால் எந்தக் கர்ப்பிணியும் மெலிந்துவிடப் போவதில்லை; அதற்காக மாமியாரோடு சண்டை போட வேண்டியதும் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை அப்படி விடக்கூடிய விஷயமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை. மாத்திரை இலவசம், வீடு தேடி வருகிறது. ஆனாலும் பரணில் கிடக்கிறது. கேட்டால், "சூடுங்க, வயித்தக் காந்துது, வெளிக்கிக் கருப்பாப் போவுது" என்று வரும். சில வீடுகளில் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்ற பயமும் சேர்ந்திருக்கும். இரத்த அணு, ஹீமோகுளோபின் என்று பாடம் நடத்தினால் தலையாட்டுவார்கள், விழுங்க மாட்டார்கள். அனுபவப்பட்ட கிராம சுகாதாரச் செவிலியர் வேறு வழியில் போவார். ராத்திரி சோறுண்ட பிறகு மாத்திரையைப் போட்டு, கூடவே அரை டம்ளர் எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்வார். எலுமிச்சை குளிர்ச்சி என்பது வீட்டுக் கணக்கு. வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும் என்பது மருத்துவக் கணக்கு. இரண்டு கணக்கும் ஒரே டம்ளரில் முடிகின்றன. டீயை மட்டும் அந்த நேரத்தில் தள்ளிவைக்கச் சொன்னால் போதும்.

இப்படி வீட்டுக் கணக்கோடு ஒட்டிப் பணி செய்வதற்குப் படிப்புலகில் ஒரு பெயரும் ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர் 1950-களில் மனநலம் பாதித்த குழந்தைகளோடு வேலை செய்தபோது, வெவ்வேறு சமூகத்துப் பிள்ளைகள் உணவிலும் உறக்கத்திலும் ஆறுதலிலும் வெவ்வேறானவற்றைத் தேடுவதைக் கவனித்தார். தன் படிப்பில் அதற்கு இடமில்லை என்று கண்டு மானிடவியல் படித்தார். நியூகினி மலைமக்களோடு போய்த் தங்கினார். 1974-ல் பண்பாடு கடந்த செவிலியத்துக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நோயாளியின் வழக்கத்தில் நல்லதைக் காப்பது, இசைவானதற்கு இடம் கொடுத்து வளைந்துபோவது, கேடு தருவதை நோயாளியோடு சேர்ந்தே மாற்றுவது என்பது அவர் வகுத்த முறை. வேப்பிலை முதல் வகை. எலுமிச்சைச் சாறு இரண்டாவது. மூன்றாவதுதான் கடினம், அதற்கே அதிக நேரமும் பொறுமையும் வேண்டும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் அந்த மூன்றாம் வகை. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, குடும்பத்தில் குணமானவர், கைராசிக்காரர் எவரோ அவர் கையால் நாவில் தொட்டு வைப்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பசுவின் சீம்பாலைத் திரட்டி ஆசையாகத் தின்கிற ஊரில், தாயின் முதல் பால் கெட்டது என்று பீய்ச்சிக் கொட்டியதும் நடந்தது. அந்த மஞ்சள் பாலில்தான் குழந்தையின் குடலுக்குப் பூச்சாக நின்று கிருமியைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்கள் நிறைய இருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும். ஆகவே இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் அந்தச் சடங்குக்குள் இருக்கும் ஆசைக்கு இடம் கொடுக்கலாம். துடைத்துச் சுற்றிய குழந்தையைத் தாய் மார்பில் எடுத்து வைக்கும் அந்தக் கணத்தை, குடும்பம் தேர்ந்தெடுத்த அத்தையோ அப்பத்தாளோ செய்யட்டும். நல்லவர் கை முதலில் பட்டதாகவும் இருக்கும், நாவில் பட்டது தாய்ப்பாலாகவும் இருக்கும்.

உரமருந்துக் கல்லும் அப்படித்தான். வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், சுக்கு என்று இழைத்துக் கொடுப்பதில் எத்தனை இழை என்பது பாட்டியின் கைக்கணக்கு. வசம்பில் உள்ள ஒரு வேதிப்பொருள் கேடு செய்யும் என்று கண்டு அமெரிக்கா 1968-லேயே உணவில் அதைத் தடை செய்தது. கையில் வசம்பு வளையலாகக் கட்டியிருப்பதைப் பிடுங்கத் தேவையில்லை. உள்ளே போவதைத்தான் நிறுத்த வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் நிலைமை வேகமாக மாறும். சீர் தட்டுவது என்றால் தோஷம் படுவது; தொக்கெடுப்பது என்றால் வயிற்றில் சிக்கியதாக நம்புவதை நாட்டு வைத்தியம் செய்பவரிடம் எடுக்கச் செய்வது. "ரெண்டு நாளா வவுத்தால போகுதுங்க, சீர் தட்டிருச்சாட்ட இருக்குது, தொக்கெடுத்துட்டு வந்தமுங்க" என்று ஆத்தா சொல்லும்போது, உச்சிக்குழி உள்வாங்கி, கண் பள்ளம் விழுந்து, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களை ஆராய்ந்து 1975-ல் லோசாஃப், காமத், ஃபெல்ட்மேன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதியதும் இதைப்பற்றித்தான். நீர் வற்றிப்போன குழந்தையை மக்கள் தோஷத்துக்கு ஆளான குழந்தையாகப் பார்த்தார்கள். தோஷத்துக்கு வைத்தியம் மந்திரிப்பவரிடம் இருந்ததே ஒழிய மருத்துவமனையில் இல்லை. அதாவது, மிகவும் ஆபத்தான கட்டத்தில்தான் குழந்தை மருத்துவமனையை விட்டு விலகிப் போகிறது.

இங்கே செவிலியர் முதலில் சொல்லும் வாக்கியம் உயிர் காக்கும் அல்லது கெடுக்கும். "படிச்ச புள்ளைதானே, தொக்கெடுக்கப் போனியா?" என்று தாயைச் சுற்றி நிற்பவர்கள் முன் கேட்டுவிட்டால், அடுத்த முறை அந்தத் தாய் உண்மையைச் சொல்ல மாட்டாள். எத்தனை மணி நேரம் வீணானது, வேறு என்ன உள்ளே போனது என்ற இரண்டு முக்கியத் தகவலும் அத்தோடு மறைந்துபோகும். அதைவிட, "தொக்கெடுத்தது எந்நேரமுங்க ஆத்தா? அதுக்கப்பறம் எத்தன தடவ போச்சு? ஒண்ணுக்குப் போச்சா? பால் குடிக்குதா?" என்று வரிசையாகக் கேட்டால் ஐந்தே நிமிடத்தில் முழு நிலவரமும் கைக்கு வந்துவிடும். கேட்டுக்கொண்டே உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி, சின்னக் கரண்டியில் ஆத்தாளையே ஊட்டச் சொல்லலாம். 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கிய முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளைக் காப்பாற்றிய அதே வகைக் கரைசல்தான். அப்போதும் வாயில் புகட்டியவர்கள் பெரும்பாலும் உறவினர்களே.

கேட்காமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மெர்செட் நகரத்து லியா லீ சாட்சி. லாவோஸிலிருந்து அகதிகளாய் வந்த மங் இனப் பெற்றோருக்கு, மகளின் வலிப்பு என்பது ஆவி பிடித்து ஆன்மா தொலைந்த நோய். டாக்டர்களுக்கு அது மூளைநோய். மொழி தெரியாத பெற்றோருக்குத் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருந்த மருந்துப் பட்டியல் புரியவில்லை. மருந்து கொடுக்கவில்லை என்று குழந்தையைச் சில காலம் அரசு எடுத்துக்கொண்டது. 1986-ல் வந்த பெரும் வலிப்புக்குப் பின் அந்தச் சிறுமி மீளவே இல்லை. ஆன் ஃபாடிமன் 1997-ல் இதை நூலாக எழுதியபோது, இருபக்கமும் அன்பு இருந்தது, திறமை இருந்தது, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதுதான் இல்லை என்பது தெரிந்தது.

பண்பாடு என்றால் நோயாளியின் வீட்டில் மட்டும் இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவமனைக்கும் ஒன்று உண்டு. கொங்கு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்த கைகள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்களுடையவை. கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாட அந்தக் குலத்துக் குடிமகன் வேண்டும். பிள்ளை பிறக்க அந்த வீட்டுப் பெண்ணின் கை வேண்டும். ஆனால் வீட்டுக்குள் சரிசமமாக உட்கார இடம் கிடையாது. இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு; தீட்டைத் தொடுகிறவர் தாழ்ந்தவர். இந்தக் கணக்கு செவிலியர் தொழிலுக்குள்ளும் நுழைந்தது. பெண்ணை நர்சிங் படிக்க அனுப்ப வசதியான குடும்பங்கள் நெடுங்காலம் தயங்கியதற்கு இராப்பணி மட்டும் காரணமில்லை, மலச்சட்டியும் காரணம்.

பெண்ணின் உடலைத் தொடுவது யார் என்ற கேள்வியிலிருந்தே வேலூரின் பெரிய மருத்துவமனை பிறந்தது. அதை நிறுவிய ஐடா ஸ்கட்டர் திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் வெவ்வேறு சமூகத்திலிருந்து வந்து, மனைவியின் பிரசவத்துக்கு அவரை அழைத்தார்கள். ஆண் டாக்டரான தந்தையை அனுப்புகிறேன் என்றதற்கு மூவருமே மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். பிறகு மருத்துவம் படித்து வந்த ஐடா அந்த வழக்கத்தைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை, பெண்களைப் பயிற்றுவித்தார். 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அந்த நிலையிலிருந்து தமிழ்நாடு வெகுதூரம் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். ஆனால் வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவது, கேட்காமலே கருத்தடை வளையத்தைப் பொருத்துவது என்று சில பிரசவ அறைகளில் நடந்தவற்றை ஆய்வாளர் சிசிலியா வான் ஹாலன் தமிழ்நாட்டில் ஆய்வு செய்து 2003-ல் வந்த தன் நூலில் பதிவு செய்தார். அதுவும் ஒரு பண்பாடுதான். மாற வேண்டிய பண்பாடு. அதே 2019-21 குடும்பநல ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். அதற்கு மருத்துவக் காரணங்களும் பணக் காரணங்களும் உண்டு. சோதிடர் குறித்துக் கொடுத்த நேரமும் உண்டு. படித்த, காரில் வருகிற குடும்பங்களும் நல்ல நேரம் கேட்கின்றன. 39 வாரம் நிறையுமுன் அறுவை செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும். வசம்பு கொடுக்கும் பாட்டியைக் கண்டிக்கிற நாக்கு நட்சத்திரம் கேட்கிற குடும்பத்தின் முன் அடங்கிவிடக் கூடாது.

எதற்கும் வளையாமல் நிற்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பெண்சிசுக் கொலைக்கு எதிராக 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1994-ல் கருவின் பாலினம் அறிவதைச் சட்டம் தடுத்தது. ஆனாலும் சட்டத்தை மீறி ஸ்கேன் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் மேற்கு மாவட்டங்களில் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. "ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லுங்க அம்மிணி" என்று கெஞ்சுகிற மாமியார் செவிலியருக்குத் தெரிந்தவராக, சொந்தக்காரராகக்கூட இருப்பார். அங்கே பண்பாட்டு மரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் விஷயத்திலும் அப்படியே. நம் ஊரில் கையெழுத்துப் போடுவது கணவன், மகன், மாமன். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாய் சம்மதித்தார் என்பதற்காக அவளது கருப்பையை எடுத்தது தவறு, அவசரம் இல்லாதபோது முடிவு அவளுடையதே. ஆனால் கொங்கு வீட்டில் குடும்பத்தை ஒதுக்கிவிட்டு நோயாளியிடம் மட்டும் பேசுவதும் நடக்காது. புற்றுநோய் வார்டில் மகன் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொல்வான்: "அப்பாருக்குத் தெரிய வேண்டாமுங்க, தாங்க மாட்டாரு." அன்றிரவே அந்தப் பெரியவர் கேட்பார்: "அம்மிணி, எனக்கு வந்திருக்கறது என்ன நோவு?" பொய் சொல்வதும் தவறு, மகனை மீறி உடைத்துச் சொல்வதும் செவிலியர் வேலையில்லை. "உங்களுக்கு எதைத் தெரிஞ்சுக்கணும்னு இருக்குதுங்க?" என்று கேட்டு, அந்தப் பதிலைக் காலையில் டாக்டரிடமும் மகனிடமும் கொண்டுபோவது அவர் வேலை. தெரிந்துகொள்ள விரும்புகிற பெரியவர்கள் வீட்டார் நினைப்பதைவிட அதிகம். தோட்டத்தைப் பிரிக்க வேண்டும், கடனை முடிக்க வேண்டும், குலதெய்வம் கோயிலுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

நோயாளிக்காகச் செவிலியர் பேசும் உரிமைக்கும் ஒரு வழக்கு உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டு காலம், தலைமுறை மாறி மாறி வந்த செவிலியர்கள் அவரை ஊட்டி, குளிப்பாட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை கேட்டு வழக்கு வந்தபோது எதிர்த்தவர்கள் அவர்களே. 2011-ல் உச்ச நீதிமன்றம், அவருக்காகப் பேசும் உரிமை மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. அவர் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் நியாயமானவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. செவிலியர்களுக்கு அப்படிப் பேசும் தகுதி இருந்ததை நீதிமன்றமே ஏற்றது.

கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளிலும் நார் மில்களிலும் இன்று ஒடிசா, பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சூடு உண்டு, குளிர்ச்சி உண்டு, கண்ணேறு உண்டு. நம்முடையதைப் போலவே, ஆனால் வேறு பெயர்களில், வேறு உணவுகளில். வாளையாருக்கு அப்பாலிருந்து வந்து வேலை பார்க்கும் மலையாளச் செவிலியர், ஒடியாத் தாய், கொங்குத் தமிழ் பேசும் ஆயா என்று மூவர் ஒரு குழந்தையைச் சுற்றி நிற்பது இப்போது சாதாரணம்.

இந்தச் சொற்பொழிவு ஒரு யோசனையை முன்வைக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம் எழுதும் பக்கத்தின் மேலேயே ஒரு கட்டம் அச்சிட வேண்டும்: இதுவரை வீட்டில் கொடுத்தது, செய்தது, போய்வந்த இடம். அதைச் செவிலியர் தன் கையால், நோயாளியின் சொல்லிலேயே எழுத வேண்டும். தொக்கு என்றால் தொக்கு, உரமருந்து என்றால் உரமருந்து. பக்கத்தில் இன்னொரு சிறு கட்டம்: இந்த நோய் எதனால் வந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஒடியாவிலோ இந்தியிலோ கேட்க வேண்டுமென்றால் மொழி தெரிந்த சக தொழிலாளியைக் கூப்பிடலாம். தாயின் அந்தரங்கம் பற்றியதென்றால் அந்தச் சக தொழிலாளி பெண்ணாக இருக்க வேண்டும். நர்சிங் மாணவிகளின் கிராமப் பயிற்சியில் இந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பப் பழக்குவதை, மருந்தளவு கணக்கிடுவதைப்போல மதிப்பெண் போட்டுத் திருத்த வேண்டும். ஆகும் செலவு, அச்சகத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போடுவது. நேரம், ஒரு நோயாளிக்கு மூன்று நான்கு நிமிடம். அந்த நிமிடங்களைக் கொடுக்கிற அளவுக்கு வார்டில் செவிலியர்களை நியமிப்பது அரசின், நிர்வாகங்களின் பொறுப்பு.